வலை அடித்தது என்று அவள் சொன்னாள்

தோலில் எழுந்த தடிப்பைப் பார்த்த மாத்திரத்தில் அதை எழுப்பியது எதுவென்று சொல்லிவிடலாம் என நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். மலாக்காவின் காஜா பேராங் பகுதியில், என் மனைவியின் பிறந்த வீட்டுக் கிணற்றடியில், அவளுடைய இரு முன்கைகளிலும் பிரம்படி விழுந்தாற்போன்ற கோடுகள் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக எழுந்த அந்த முற்பகலோடு என் நம்பிக்கை ஒழிந்தது. அங்கே பிரம்பு இல்லை. அடித்தவர் எவரும் இல்லை. ஈரமான ஒரு வலை மட்டும் அவள் காலடியில் கிடந்தது.

ஜப்பானியர் மலாயாவுக்கு வருவதற்குப் பல்லாண்டுகள் முந்தைய காலம் அது. நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து வந்து ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளனாக இருந்த நான், மலாக்காச் செட்டி குடும்பமொன்றில் பெண் கொண்டு, அவர்கள் வீட்டிலேயே குடியிருந்தேன். அவ்வீட்டில் பூசையறையில் இருந்தவை நம் தெய்வங்கள். நாவில் இருந்ததோ மலாய். 'மாமா', 'மாப்பிள்ளை' போன்ற சில சொற்கள் மட்டும் தமிழின் மிச்சமாக வழங்கின. அவர்கள் பேசியவற்றை இங்கே என் தமிழில் தருகிறேன்.

என் மைத்துனன், மனைவிக்கு இளையவன், ஓய்வு நாட்களில் கிளேபாங் கடற்கரையில் சுங்கூர் தள்ளுவான். இரண்டு நீண்ட கழிகளுக்கிடையே நெருக்கமான கண்ணுள்ள வலையைக் கட்டி, இடுப்பளவு நீரில் முன்னே தள்ளிச் சென்று, கெராகாவ் என்னும் பொடி இறாலை வாரும் முறைக்கு அப்பெயர். அம்முறை அவன் வலையில் இறாலோடு சொறியும் ஏறிவிட்டது. இக்காலத்தார் ஜெல்லிமீன் என்று அழைக்கும் அந்தக் குழகுழத்த உயிரை எங்கள் கரையில் சொறி என்போம். மலாய்க்காரர் ஆம்பாய் என்பர். கண்ணுக்குத் தெரிந்த துண்டுகளை அவன் குச்சியால் தள்ளிவிட்டு, வலையைச் சமையற்கட்டின் பின்சுவரில் தொங்கவிட்டான். நல்ல வெயில், சில நாட்களில் அது உப்புப் பூத்து, சருகுபோல் மொறமொறவென்று காய்ந்துவிட்டது.

முன்னோர்க்கு ஆண்டு நடுவில் பழங்கள் வைத்துப் படைக்கும் பர்ச்சு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வீட்டைச் சுத்தம் செய்கையில், வலையில் ஒரு கிழிசல் இருப்பதைக் கண்ட என் மனைவி, தைப்பதற்கு ஏதுவாக அதை மென்மையாக்க எண்ணி, கிணற்று நீர் நிறைந்த தொட்டியில் அமிழ்த்தினாள். பின்பு இரு கைகளாலும் அள்ளி மார்போடு அணைத்துத் தூக்கினாள்.

அவளுடைய முதற்குரல் சிறியது. நான் ஓடிச்சென்று பார்த்தபோது அவள் வலையைக் கீழே எறிந்துவிட்டுக் கைகளை வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அபாங், கை எரியுது. பூரான் ஏதும் இருந்திருக்குமா?"

அபாங் என்பது அவள் என்னை அழைக்கும் மலாய்ச் சொல். எரிகிறது என்றாள், எரிச்சலுக்கு நீரன்றி வேறென்ன செய்வது? சிரட்டை அகப்பையால் கிணற்று நீரை மொண்டு அவள் கைகளில் ஊற்றினேன். அவள் அலறினாள். அவ்வளவு பெரிய ஓசை அச்சிறிய உடலிலிருந்து புறப்படுமென்று நான் கனவிலும் கருதியதில்லை. போதவில்லை போலும் என்று மேலும் ஊற்றினேன், அழுத்தித் துடைத்தேன். ஊற்ற ஊற்ற, துடைக்கத் துடைக்க, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு எழுந்தன. அணைக்க ஊற்றிய நீர் எரியும் நெருப்புக்கு எண்ணெயாயிற்று.

அந்நேரத்தில்தான் அடுத்த வீட்டு அம்மையார் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். அவர் கண்டது இது: அலறும் மனைவி, அவள் கையைப் பற்றிக்கொண்டு நிற்கும் கணவன், கையில் அகப்பைக் காம்பு, அவள் தோலில் வரிவரியாய்த் தடிப்பு.

"ஐயோ, ரோத்தானால அடிச்சிருக்கான்!" என்று அவர் எழுப்பிய குரலில் தெருவே திரும்பிப் பார்த்தது. ரோத்தான் என்றால் பிரம்பு. "கரையிலிருந்து வந்தவனுங்களுக்குக் கை நீட்டற பழக்கம்னு அப்பவே சொன்னேன். யார் கேட்டா?"

என் மாமனார் நீதிமன்ற வாயிலில் சேவகராக நின்று ஓய்வு பெற்றவர். உள்ளே நடந்த வழக்குகளையெல்லாம் கதவருகே நின்று கேட்டுக் கேட்டு, தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அவருக்கு நாவில் ஏறியிருந்தது. முன்கூடத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து, மகளின் கைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"வலை, அப்பா. நனைச்ச வலையைத் தூக்கினேன். அவ்வளவுதான்."

"வலை அடிச்சிச்சா?"

"ஆமா."

அவர் சிரிக்கவில்லை, அதுவே எனக்கு அச்சமூட்டியது. "அடிபட்ட பெண்டாட்டிங்க கோர்ட்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? படியில விழுந்தேன். கதவு இடிச்சிச்சு. மாடு முட்டிச்சு. இத்தனை வருசம் கேட்டிருக்கேன். வலை அடிச்சிச்சுன்னு ஒருத்தி சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்."

"மாமா," என்றேன், "அவ சொல்றது சத்தியம். வலையில சொறி ஒட்டியிருந்திருக்கு."

"அது செத்து எத்தனை நாளாச்சு, மாப்பிள்ளே? செத்த பாம்பு கடிக்குமா? தலை வேணும், கோவம் வேணும், அப்புறம்தான் கடி. காஞ்ச வலைக்கு அவ பேர்ல என்ன கோவம்?"

எனக்கே அது விளங்காத ஒன்று. என் மனைவி மீண்டும் மீண்டும் அதே சொற்களைச் சொன்னாள். அவள் உறுதியாகச் சொல்லச் சொல்ல, அது கணவனைக் காக்கும் பொய்யென்றே கூடியிருந்தோர் தலையசைத்தனர். உண்மையைச் சொல்வதற்கு அவளிடம் வேறு சொற்கள் இல்லை. அச்சொற்களோ பொய் சொல்லும் பெண்கள் நெடுங்காலமாகச் சொல்லித் தேய்ந்த சொற்கள்.

தீர்ப்பு அன்றே வந்தது. பெண்ணை அடித்த கையோடு எவனும் பர்ச்சில் முன்னோர்முன் நிற்கலாகாது. படையல் நாளுக்கு முன் நான் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். அவள் அங்கேயே இருப்பாள். "அவ எம் பொண்ணு. கோடு ஆறட்டும். அப்புறம் பாப்போம்," என்றார் மாமனார். 'அப்புறம்' என்று அவர் சொன்ன விதத்தில் எந்த நாளும் தென்படவில்லை.

மறுநாள் கடையை அடையுமுன்பே செய்தி அங்கே போய் உட்கார்ந்திருந்தது. என் முதலாளி, தலைமுறைகளாக மலாக்காவில் வணிகம் செய்துவந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தவர், அளவுகோலைக் கையிலெடுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, வீட்ல சிலம்பம் பழகுறீகளாமே?"

"முதலாளி, நான் அடிக்கல."

"அடிச்சவன் எவன்டா அடிச்சேன்னான்? சரி, யாருதான் அடிச்சா?"

"வலைல இருந்த சொறி. செத்துக் காஞ்சு போனது."

அவர் அளவுகோலை மெல்லக் கீழே வைத்தார். "தம்பி, பொய் சொன்னாலும் கொஞ்சம் நம்புற மாதிரிச் சொல்லணும். தெங்கேராவுல நம்ம கிடங்குக்குப் பின்னால ஒரு அறை கெடக்கு. பாயைத் தூக்கிட்டு வா. ஆனா அந்தக் கதையை அங்க வந்து சொல்லாதே, எலிகூட சிரிக்கும்."

அவருக்கு என்மேல் அன்பு உண்டு; நம்பிக்கைதான் இல்லை. மருந்துக்கடையில் காயங்களுக்குக் கட்டுப்போடும் ஆள்கூட, என் மனைவியின் கைகளைப் பார்த்துவிட்டு, என் கைவரிசையை மெச்சுவதுபோல் கண் சிமிட்டியதாக மைத்துனன் சொன்னான். ஊர் முழுவதும் என்னை ஒன்று வெறுத்தது, அல்லது தன்னைப்போன்ற ஒருவன் என்று தோளணைத்தது. இரண்டாவது எனக்கு இன்னும் பெரிய இடியாக இருந்தது.

மைத்துனன் ஒருவனே ஐயத்தில் இருந்தான். வலை அவனுடையதல்லவா? அவனும் நானும் அன்று பிற்பகல் நீர் வடியும் வேளையில் கிளேபாங்குக்குப் போனோம். மணலில் சொறிகள் ஆங்காங்கே கண்ணாடித் தட்டுகளைப்போல் கிடந்தன. பாறையை ஒட்டிய குட்டையில் ஒன்று உயிரோடு அகப்பட்டிருந்தது. குடை விரிவதும் சுருங்குவதுமாக, நிதானமாக மூச்சுவிடுவதுபோல் அசைந்தது.

"இதுக்குத் தலை எங்க, மச்சான்?" என்றேன்.

"தலையா? நானும் இவ்வளவு நாளாப் பாக்கறேன், முகம் எதுன்னே தெரியல. வெட்டிப் பாக்கலாமா?"

வலைக்கயிறு அறுக்கும் கத்தியால் அவன் அதை நடுவே இரண்டாக்கினான். செத்தது என்று நான் எண்ணி முடிப்பதற்குள், இரண்டு பாதிகளும் சுருங்கின. மீண்டும் விரிந்தன. இது ஒருபுறம், அது ஒருபுறம், தத்தம் போக்கில் நீந்த முற்பட்டன.

"அல்லா!" என்று அவன் கத்தியை நழுவவிட்டான். சைவ வீட்டுப் பிள்ளைதான்; ஆனால் அந்த ஊரில் திடுக்கிட்டவன் வாயில் முதலில் வருவது அதுதான். "எது அது? இதுவா, அதுவா?"

ஓர் உயிரை இரண்டாக்கினால் ஒரு பக்கத்திலாவது சாவு இருக்க வேண்டும் என்பது குழந்தையும் அறிந்த முறை. அம்முறையை இந்தக் குழகுழப்பு அறியவில்லை. நான் கத்தியை எடுத்து, ஒரு பாதியின் ஓரத்தை மட்டும் கீற்றாக அரிந்தேன். கீற்று துடித்துக்கொண்டே இருந்தது. ஓரமிழந்த நடுப்பகுதி அசைவற்று நின்றது. சரி, இதுவாவது செத்ததே என்று கத்தி முனையால் தொட்டேன். அது முழுவதுமாக ஒருமுறை சுருங்கி, மறுபடி ஓய்ந்தது. தானாக அசையும் வழக்கத்தை மட்டுமே அது இழந்திருந்தது. தொட்டால் உணரும் வழக்கத்தை இழக்கவில்லை.

கத்தியைக் கழுவக் குனிந்தபோது, உடலிலிருந்து அறுந்து மணலில் கிடந்த ஒரு மெல்லிய இழையின்மேல் என் புறங்கை பட்டது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்தாற்போன்ற வலி. சற்று நேரத்தில் அங்கே ஒரு கோடு எழுந்தது: நேரானது, சிவந்தது, என் மனைவியின் கையில் இருந்தவற்றுக்கு உடன்பிறந்தது. உடல் அங்கே இரு துண்டாக; இழை இங்கே தனியாக. அந்த இழைக்கு என்னைக் கொட்டு என்று சொன்னவர் யார்?

"வலையில நான் பெரிய துண்டைத்தான் தள்ளிவிட்டேன்," என்றான் மைத்துனன் தாழ்ந்த குரலில். "இந்த மாதிரி நூல் கண்ணுக்கே தெரியாதே. வலைநூலோட ஒட்டிக் காஞ்சிருக்கும்."

இழைக்கு உத்தரவிட்டவர் யார் என்னும் கேள்விக்குரிய விடை எனக்குக் கிடைக்கப் பல்லாண்டுகள் ஆயின. பழைய விலங்கியல் நூலொன்றை அகராதியின் துணையோடு எழுத்தெழுத்தாகப் படித்த காலத்திலே அறிந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொறிக்கு மூளை என்று குவிந்த ஓரிடம் இல்லை. அதன் நரம்புகள் குடையெங்கும் வலையாகப் பரவியுள்ளன. நம் உடலில் செய்தி தலைக்குப் போய்த் தலையிலிருந்து திரும்புவதுபோல் அங்கே மேலிடமும் கீழிடமும் இல்லை. எங்கே தொட்டாலும் செய்தி எத்திசையிலும் ஓடும். ஒரு வழியை அறுத்தால் மற்றொரு வழியாகச் சுற்றிப் போகும். ஆகவே வளைத்து வளைத்து வெட்டினும், சிறு ஒட்டு மிச்சமிருக்குமாயின், சுருக்கம் அவ்வொட்டைக் கடந்து மறுபுறம் சேரும். குடையின் ஓரத்தில் சில நுண்ணிய உறுப்புகள் மணிகள்போல் அமைந்து, எப்போது சுருங்குவது என்னும் தாளத்தை எழுப்புகின்றன. அவற்றில் ஒன்று ஒட்டியிருக்கும் துண்டு தானே துடிக்கும். ஒன்றுமில்லாத துண்டு, தூண்டும்வரை காத்திருக்கும். சொறியின் உறவினங்களான கடற்சாமந்தியும் பவளப் பூச்சியும் குளத்து நீரில் வாழும் ஹைட்ராவும் இத்தகைய நரம்பு வலையைக் கொண்டே இரை பிடிக்கின்றன, சுருங்குகின்றன, பிழைக்கின்றன.

கொட்டுவதோ இன்னும் விந்தை. இழையெங்கும் எண்ணற்ற நுண்பைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்குள்ளும் நஞ்சு தோய்ந்த ஊசிநூல் சுருட்டி இறுக்கப்பட்டுள்ளது. உயிருள்ள சொறியில் நரம்பு வலை அவற்றின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஆயினும் வெடிப்பதற்கு அவை அதன் உத்தரவை எதிர்நோக்கி இருப்பதில்லை. தோலின் தொடுகையே போதும். கடல்நீருக்குப் பழகிய அவற்றின்மேல் நன்னீர் பட்டாலும் வெடிக்கும். உடல் அழிந்தபின்னும், காய்ந்தபின்னும், நனைத்தால் அவற்றுள் பல தம் வேலையைச் செய்யும். கோபம் வேண்டும் என்றார் என் மாமனார். கோபத்துக்கு அங்கே இடமே இல்லை என்பதுதான் என்னை இன்றளவும் திகைக்கவைப்பது. அத்தனை வலி, அதற்குப் பின்னே எவரும் இல்லை.

அன்று எனக்கு இவையெதுவும் தெரியாது. புறங்கையில் ஒரு கோடும், மைத்துனன் என்னும் ஒரு சாட்சியும் மட்டுமே இருந்தன. படையலுக்கு முந்தைய நாள் காலை மாமனாரிடம் சென்று, மீண்டும் காய்ந்திருந்த வலையைக் காட்டி, "இதை நனைச்சு என் கையில போட்டுக் காட்டறேன், மாமா," என்றேன்.

"குற்றவாளி தனக்குத்தானே சாட்சியா? உங்க கையில கோடு எப்படி வேணா வரும்." அவர் தம் வெற்றுக் கையை நீட்டினார். "என் கையில போடுங்க. நான் யாருக்கும் பொண்டாட்டி இல்ல. என்னை அடிக்க வலைக்கு எந்தக் காரணமும் இல்ல."

"வேணாம் மாமா, வலிக்கும்."

"பயப்படறது யாரு, நீங்களா நானா?"

மைத்துனன் வலையின் ஒரு மூலையைக் கிணற்று நீரில் நனைத்து அவர் முன்கையில் வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவர் உதட்டோரம் விரிந்தது.

"வழக்குத் தள்ளுபடி," என்று சொல்லி, அவர் மற்றொரு கையால் வலையை அழுத்தித் தேய்த்தார்.

அதன்பின் அவர் எழுப்பிய ஓசையை எழுத்தில் தர இயலாது. நாற்காலி சரிந்தது. வலையை உதறினார், அது போகாமல் கையைச் சுற்றிக்கொண்டது. நானும் மைத்துனனும் அதைப் பிடித்து இழுத்தோம். அதற்குள் அடுத்த வீட்டு அம்மையார் வாசலுக்கு ஓடிவந்து, தரையில் அமர்ந்திருந்த கிழவரையும், அவர் கையில் தடித்தெழும் கோடுகளையும், அவரைப் பிடித்திருந்த என்னையும் பார்த்தார்.

"மாமனாரையுமா!" என்றார். "பாவி, மாமனாரையுமா!"

"வாயை மூடு," என்றார் மாமனார், கண்ணீர் வழிய. "வலை. வலைதான் அடிச்சிச்சு."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். மகள் சொன்ன சொற்கள் மாறாமல் அவர் வாயிலிருந்து வந்திருந்தன. அம்மையார் அவரை இரக்கத்தோடு பார்த்தார். எத்தகைய இரக்கம் என்று எனக்குத் தெரியும். என் மனைவியை ஊர் பார்த்த பார்வை அது.

அவள் உள்ளிருந்து, ஊறுகாய்க்கு வைத்திருந்த, வினிகர் எனப்படும் காடியைக் கொண்டுவந்தாள். தன் கைகளில் அதைத் தடவியபோதே எரிச்சல் மேலும் பரவாமல் நின்றதென்று கண்டறிந்திருந்தாள். நான் பழக்கத்தில் நீர் மொள்ளப் போனேன். "தண்ணி வேணாம், அபாங்," என்று தடுத்து, தந்தையின் கையில் தானே காடியை ஊற்றினாள்.

சற்று ஓய்ந்தபின் அவர் சொன்னார்: "மாப்பிள்ளை இங்கேயே இருக்கட்டும். நாளைக்குப் பர்ச்சுல நிக்கட்டும்."

மகிழ்ந்தவன் நான். அவள் மகிழவில்லை.

"அவரை விட்டுடுங்க, அப்பா. நான் பொய் சொல்லலன்னு இப்போ எப்படித் தெரிஞ்சிச்சு?"

அவர் தம் கையைப் பார்த்தார்.

"அதான். உங்க கை சொன்னா உண்மை. என் கை சொன்னப்போ, என் வாயும் சேந்து சொன்னப்போ, பொய். நான் உங்க வீட்லயே பொறந்தவ. ஒரு நாளாவது உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கேனா?"

"கோர்ட்ல எத்தனை பொண்ணுங்க..."

"நான் கோர்ட்டுக்கு வந்தேனா? வீட்லதானே நின்னேன்?"

வாசலில் நின்ற அம்மையார் மெல்லத் தம் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். என் மனைவி காடிப் புட்டியை மூடினாள்.

"நாளைக்குப் படையல் நான்தான் சமைக்கணும். சமைக்கறேன். ஆனா முன்னோரைக் கூப்பிடும்போது, நான் சொன்னது உண்மைன்னு அவங்ககிட்ட நீங்க சொல்லணும். கையைக் காட்டிச் சொல்லாதீங்க. எம் மக சொன்னா, அதனால உண்மைன்னு சொல்லுங்க. இல்லன்னா சாயங்காலம் நான் இவரோட தெங்கேராவுக்குப் போயிடுவேன். அறை இருக்காம்."

குடும்பத்து மூத்தவர் முன்னோரை அழைக்கையில் வீட்டுச் செய்திகளை அவர்களுக்குச் சொல்வது அவ்வீட்டு வழக்கம்: பிறப்பு, மணம், நோய், நன்மை. தம் பிழையை அங்கே சொன்ன மூத்தவர் எவரையும் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர் ஒப்புவார் என்று நான் எண்ணவில்லை. தெங்கேராவுக்குக் கொண்டுபோக வேண்டியவற்றை மனத்துள் அடுக்கத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் உறவினர் கூடினர். வாழையிலைகளில் சோறும் கறிகளும், அவற்றைச் சுற்றி ரம்புத்தானும் மங்குஸ்தீனும் டுரியானும் வைக்கப்பட்டன. புகை எழுந்தது. நான் ஆண்களோடு நின்றேன். சிலர் என்னைவிட்டுச் சற்று விலகியே நின்றனர். மாமனார் வந்தபோது கூட்டம் அவரை வியப்போடு நோக்கியது. சட்டை பிடிக்காத வெப்பத்தில், நீதிமன்றச் சேவகத்தின் தடித்த முழுக்கைக் கோட்டை அணிந்து, மணிக்கட்டுவரை பொத்தானிட்டிருந்தார். அதனுள்ளே அவர் கை எப்படி எரிந்திருக்கும் என்பதை நானும் அவளும் மைத்துனனும் மட்டுமே அறிவோம்.

பெயர்களைச் சொல்லி முன்னோரை ஒவ்வொருவராக அழைத்தார். பின்பு அனைவருக்கும் கேட்கும்படி, மலாயில், "என் மகள் வலை அடித்தது என்றாள். நான் நம்பவில்லை. அவள் சொன்னது உண்மை. அவள் சொன்னதனால் உண்மை," என்றார்.

உறவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்களில் பாதிப்பேர் அப்போதும் நம்பவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது. யாரோ ஒருவர் மெல்ல, "கையைக் காட்டுங்களேன், ஏதோ அடிபட்டதாமே," என்றார். அவர் கோட்டின் கையை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துகொண்டார், காட்டவில்லை. என் மனைவி பெண்கள் வரிசையிலிருந்து வெளியே வந்து, கோடுகள் தெரிய, முதல் இலைக்கு நீர் தெளித்தாள்.